வேனையே வீடாக்கி நாடு சுற்றினால் சலித்துப்போகுமா?

கேள்வி: நானும் என் மனைவியும் பாளையங்கோட்டையில் சொந்த வீட்டில் வசிக்கிறோம். நான் தலைமையாசிரியராக ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். பழைய பள்ளி வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் அமைத்து, வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் இந்தியா முழுவதையும் சுற்றிவர ஆசைப்படுகிறேன். ஆறே மாதத்தில் அலுத்துவிடும் என்கிறார் மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மனைவி தாராளமாகவே கணக்கிட்டிருக்கிறார். பதினான்கு மாதங்கள் வேனில் குடியிருந்தவன் என்ற முறையிலும், அதன்பின் இப்படிக் கிளம்புகிறவர்களுக்கு வழித்திட்டம் வகுத்துக் கொடுத்துவருகிறவன் என்ற முறையிலும் சொல்கிறேன்: முதல் அறுபது எழுபது நாட்கள் எல்லாமே விருந்தாக இருக்கும், மூன்றாம் மாதம் முடிவதற்குள் கோட்டைகளும் கோயில்களும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கிவிடும். பார்ப்பதற்கு நாட்டில் இடம் குறைந்துவிடுவதில்லை. நாளுக்கொரு ஊர் என்று ஓடினால் கண்ணுக்குப் பசி அடங்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

எனக்கு அது உறைத்த இடம் குஜராத்தின் மோதேரா. சோலங்கி அரசன் முதலாம் பீமன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில் எழுந்த சூரியன் கோயிலின் குளப்படிகளில் ஒரு காலைப்பொழுதில் நின்றிருந்தேன். படிகளுக்கு நடுவே சின்னச் சின்னச் சன்னதிகள் 108 இருப்பதாகப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் அவற்றை எண்ணிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. வேனின் கழிவறைப் பெட்டி நிரம்பிவிட்டதே, இதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்பதே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சிரிக்க வேண்டாம், இந்த வாழ்க்கையில் சலிப்பு நுழைகிற வாசல் அதுதான். கழற்றி எடுக்கும் வகைக் கழிவறைப் பெட்டி ஏறத்தாழ இருபது லிட்டர் கொள்ளும். இருவர் புழங்கினால் இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும். அதைக் கொட்டுவதற்கென்று நம் நெடுஞ்சாலைகளில் ஏற்பாடு எதுவும் இல்லாததால், ஒவ்வொரு முறையும் ஒரு லாட்ஜிலோ பெட்ரோல் பங்கிலோ கேட்டு, கெஞ்சி, சில நேரம் காசு கொடுத்துத்தான் காரியம் முடிக்க வேண்டும். நூறு லிட்டர் தண்ணீர், சிக்கனமாகக் குளித்தாலும் இரண்டு நாளைக்குத்தான் வரும். இவற்றோடு, இன்றிரவு வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி மாலை நான்கு மணிக்கெல்லாம் தொடங்கிவிடும். தினமும் இடம் மாறுகிறவருக்கு இந்த மூன்று வேலைகளும் தினமும் புதிதாக முளைக்கும். ஓரிடத்தில் பத்து நாள் தங்குகிறவரோ முதல் நாளிலேயே மூன்றுக்கும் வழி கண்டுவிடுவதால், மீதி ஒன்பது நாளும் ஊரைப் பார்ப்பதற்கு அவருக்கு மிச்சமாகும். ஆகவே நான் எல்லோருக்கும் விதிக்கும் முதல் நிபந்தனை, ஓர் ஊரில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் தங்க வேண்டும் என்பது.

அடுத்தது வெயில். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக்கூரைக்குக் கீழே மத்தியானம் படுத்துப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. ஏசி வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று முழுதாகச் சேமிப்பதே 1.2 யூனிட் மின்சாரம்தான். ஒரு டன் ஏசியோ மணிக்கு ஒரு யூனிட் வரை இழுக்கும். எனவே பருவத்தைப் பின்பற்றிப் போவதுதான் வழி: மார்கழி, தை மாதங்களில் ராஜஸ்தானும் குஜராத்தும், ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை மறைவுப் பகுதியான லடாக். குளிர்காலத்தில் மணாலி–லே சாலை பனியால் மூடப்பட்டுவிடும். அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய நான்கு மாநிலங்களுக்குள் நுழைய முன்கூட்டியே உள்நுழைவு அனுமதி பெற வேண்டும். பந்திப்பூர்க் காட்டு வழியில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்து கிடையாது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பார்ப்பது அலுத்த பிறகு பயணத்தைத் தாங்கிப் பிடிப்பது பேச்சு. இந்தி தெரியாமல் விந்தியத்துக்கு வடக்கே ஆறு மாதம் இருந்தால் உங்களோடு பேசுகிறவர் உங்கள் மனைவி ஒருவர்தான். அவரோடு பேசுகிறவர் நீங்கள் ஒருவர்தான். அதுவும் இருபதடி நீளம், ஆறடி அகலத்துக்குள். எத்தனை அன்பான தம்பதிக்கும் அது போதாது. கிளம்புவதற்கு முன் ஆறு மாதமாவது இருவரும் சேர்ந்து இந்தி படியுங்கள். நீங்கள் ஆசிரியர், போகுமிடத்துப் பள்ளிகளைப் பார்த்துக் குறிப்பெழுதுவது போல, தொடர்ந்து செய்வதற்கு ஒரு வேலையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இருவருக்கும் இது ஒத்துவருமா என்பதைக் காசு போடாமல் சோதிக்க நம் ஆறே போதும். பாபநாசம் மலையடிவாரத்திலிருந்து புன்னக்காயல் முகத்துவாரம் வரை தாமிரபரணியின் கரையோடு பதினைந்து நாட்களில் போய்வாருங்கள். பொருநையின் மொத்த நீளமே 128 கிலோமீட்டர்தான். பேருந்தில் ஒரே நாளில் முடித்துவிடக்கூடிய தூரம். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் உலர்வதைப் பாருங்கள். பத்தமடையில் ஒரு பகல் முழுக்க உட்காருங்கள்: கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, நூலிழை போலக் கிழித்து, பாவுக்குள் ஒவ்வொன்றாகக் கோத்து நெருக்குகிறார்கள், பட்டுப்பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். நீங்கள் எழுந்துவரும்போது பாய் சில விரற்கடைதான் வளர்ந்திருக்கும். ஆதிச்சநல்லூரில் முதுமக்கள் தாழிகளையும், ஸ்ரீவைகுண்டத்தில் ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானதையும் பாருங்கள். எந்த ஊரிலும் கார் ஏறித் திரும்பி வீட்டுக்கு வந்து படுக்கக் கூடாது. ஐந்தாம் நாளே வீட்டு நினைவு வந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். வேனுக்குச் செலவழிக்கவிருந்த சில லட்சங்கள் மிச்சம்.

சோதனையில் தேறினாலும் பழைய பள்ளி வேன் வேண்டாம். பதிவுச் சான்றில் கண்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. இருக்கைகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்ட வண்டி விபத்துக்குள்ளானால் காப்பீட்டுப் பணத்திலும் வில்லங்கம் வரும். ஏ.ஐ.எஸ். 124 என்ற வாகனத் தொழில்துறைத் தரத்தின்படி குடியிருப்பு வாகனமாகவே வடிவமைத்துத் தரும் நிறுவனத்திடம் வாங்குங்கள், அல்லது முதல் ஆண்டு வாடகைக்கு எடுங்கள். மேலும், பிற மாநிலம் ஒன்றில் வண்டியைத் தொடர்ந்து 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டியிருக்கும். சமையலுக்கு ஐந்து கிலோ சிலிண்டர் எளிது. ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றைக் கைபேசியிலேயே முகம் காட்டிக் கொடுக்கும் வசதி இருக்கிறது.

இரண்டு மூன்று ஆண்டு ஒரே மூச்சாகச் சுற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று மாதம் சாலை, மூன்று மாதம் வீடு என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கண் பசியோடு இருக்கும். சொந்தபந்தத்தில் நல்லது கெட்டதுக்கும் முகம் காட்டலாம். குற்றாலச் சாரலையும் தவறவிட வேண்டாம். இதற்கு வீடு கைவசம் இருக்க வேண்டும். கீழ்த்தளத்தை மட்டும் வழக்கமான பதினோரு மாத ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்டு, மாடி அறையின் சாவியை உங்கள் மனைவியிடம் கொடுத்துவையுங்கள்.