4 ஜிபி லப்டொப்புக்கு எந்த எடிட்டர்?

கேள்வி: உயர்தரத்துக்கு ஐசிடி எடுத்திருக்கிறேன். அண்ணா பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கித் தந்த பழைய லப்டொப், 4 ஜிபி ரேம். பைதன் நிரல் எழுத விஎஸ் கோட் எடிட்டரைப் போடு என்கிறான் கூட்டாளி. போட்டேன், குரோமையும் திறந்தால் மெஷின் இறுகிவிடுகிறது. வேறு எதைப் பாவிக்கலாம்? – மாணவர், வெள்ளவத்தை

பதில்: கூட்டாளி சொன்னதில் பிழையில்லை தம்பி, ஆனால் அவருடைய லப்டொப்பில் எவ்வளவு ரேம் என்று கேட்டீர்களா? விஎஸ் கோட் எலக்ட்ரான் என்ற கட்டமைப்பில் கட்டியது, அதாவது குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரௌசரே அதற்குள் ஓடுகிறது, குரோமையும் திறந்தால் அந்த 4 ஜிபியில் இரண்டு பிரௌசர் ஓடுகிற கணக்குத்தான்.

உங்களுக்கு தொன்னி (Thonny) என்ற எடிட்டர் போதும். எஸ்தோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில், புதிதாகப் படிப்பவர்களுக்கென்றே உருவானது. இலவசம், பைதனும் கூடவே வருகிறது. 1 முதல் 3 வரை கூட்டுகிற சின்ன லூப் ஒன்றை எழுதி, மாறிகள் ஜன்னலைத் திறந்து வைத்து, டிபக்கில் (பிழை தேடும் முறையில்) அடி அடியாக ஓடவிடுங்கள். கூட்டுத்தொகை 0, 1, 3, 6 என்று ஏறுவது கண்முன்னே தெரியும். ‘இந்நிரலின் வெளியீடு யாது’ வகைக் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. தானாக எழுதித் தரும் ஏஐ வசதிகளைப் பரீட்சை முடியும்வரை தொடாதீர்கள், விடைத்தாளில் கோலன் எங்கே போடுவதென்று யாரும் காதில் வந்து சொல்லப்போவதில்லை.

நோட்பேட் ப்ளஸ் ப்ளஸும் லேசானதுதான், விண்டோஸில் மட்டும் ஓடும். அதில் டப்புக்குப் (Tab) பதில் ஸ்பேஸ் விழும்படி செட்டிங்கை மாற்றிவிடுங்கள், இரண்டும் தாறுமாறாகக் கலந்தால் பைதன் 3 ஓடவே மறுக்கும். அப்புறம் ரேம் கூட்டினால் விஎஸ் கோடுக்குத் தாராளமாகப் போகலாம், எழுதிய கோப்புகள் அப்படியே அங்கேயும் திறக்கும்.

கேள்வி: வேர்டில் ஒழுங்காகத் தெரிகிற தமிழ், எடிட்டரில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகிறது. எடிட்டரை மாற்ற வேண்டுமா? – வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: வேண்டாம். அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் டைப் செய்ததாக இருக்கும், பாருங்கள். பாமினியில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேஷம் போடுகிறது, எடிட்டரில் அந்த எழுத்துரு இல்லாததால் வேஷம் கலைகிறது. தமிழைத் தமிழ் எழுத்தாகவே வைத்திருக்கும் யூனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வேர்ட்டர்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றிய பின் ஒட்டி, யுடிஎஃப்-8 (UTF-8) என்ற யூனிகோட் வடிவில் சேமியுங்கள்.