வாசகர் கேள்வி–பதில்: சலாஸி மலைச் சாலை

கேள்வி: வரும் ஆகஸ்டில் குடும்பத்துடன் ரீயூனியன் தீவுக்கு வந்து, சேந்த் ஆந்த்ரேயில் உறவினர் வீட்டில் தங்கவிருக்கிறோம். அங்கிருந்து சலாஸி வழியாக எல்பூர் செல்லும் மலைச் சாலையில் எவற்றைப் பார்க்க வேண்டும்? ஆன்ஷேன் குன்றின் கதை என்ன? – ஒரு வாசகர், போர் லூயி, மொரீஷியஸ்

பதில்: காலை ஏழு மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். தூரம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர்தான் என்றாலும், கிழக்குக் கடற்பக்கத்திலிருந்து ஏறும் மேகம் பத்து, பதினொரு மணிக்கெல்லாம், சுற்றிலும் மலைகள் சூழ்ந்த சலாஸி மலைக்கிண்ணத்துக்குள் புகுந்து, நீங்கள் பார்க்க வந்த குன்றையே மூடிவிடும். கரும்புத் தோட்டங்களைக் கடந்ததும் சாலை ஆற்றின் பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. ஓரிடத்தில் அருவி நேராகச் சாலையின் மீதே கொட்டுவதால், கார்க் கண்ணாடியை முன்கூட்டியே ஏற்றிவிடுவது நல்லது. இருபுறமும் பந்தலில் தொங்கும் காயைக் கண்டு வியக்க வேண்டாம். அது நம் சௌசௌவேதான். இங்கே அதைச் ‘சூசூ’ என்பார்கள், கொழுந்தைக் கீரையாகச் சமைப்பார்கள்.

சலாஸி ஊரைத் தாண்டியதும் ‘மணமகளின் முக்காடு’ என்னும் அருவி வரும். தந்தை சம்மதியாத காதலனோடு ஓடிய பெண் பாறையிலிருந்து தவறி விழ, அவளுடைய முக்காடு மட்டும் மரக்கிளைகளில் சிக்கிக்கொண்டது என்பது கதை. அருவி அழகுதான், கதையோ, எனக்கென்னவோ, பெயர் வைத்த பிறகு ஒட்டவைத்தது போலவே தோன்றுகிறது.

ஆன்ஷேனின் கதை அப்படிப்பட்டதன்று. தோட்ட முதலாளியின் கொடுமை தாளாமல் ஏவா என்னும் பெண்ணோடு தப்பியோடிய மடகாஸ்கர் அடிமை அவன். மலைக்கிண்ணத்தின் நடுவே, எல்லாப் பக்கமும் செங்குத்தாக, 1,356 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கும் அந்தக் குன்றின் உச்சியில் இருவரும் குடிசை கட்டிப் பெண் குழந்தைகளைப் பெற்று வளர்த்தார்கள். கீழிருந்து யார் வந்தாலும் மேலிருந்து தெரிந்துவிடும் என்பதுதான் அந்த இடத்தின் பாதுகாப்பு. கடைசியில், தப்பியோடிய அடிமைகளை வேட்டையாடுவதையே தொழிலாகக் கொண்ட புரோன்ஷார் என்பவன் அவர்களைக் கண்டுபிடித்துவிட்டான். குடும்பமே பிடிபட்டது என்பார் ஒருவர். விளிம்பிலிருந்து பாய்ந்த ஆன்ஷேன் ‘பபாங்’ பறவையாக மாறிப் பறந்துவிட்டான் என்பார் மற்றொருவர். பபாங் என்பது இத்தீவுக்கே உரிய பருந்து இனம். ஆண் கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், பெண் பழுப்பு. வானம் தெளிந்திருந்தால் பள்ளத்தாக்கின் மேல் அது வட்டமிடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

“இது மடகாஸ்கர்காரர் கதை, நமக்கென்ன?” என்று கேட்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இங்கே அடிமை முறை 1848 டிசம்பர் 20 அன்று ஒழிந்தது. நம் முன்னோரில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தது அதற்குப் பிறகுதான். ஆன்ஷேன் போன்றவர்கள் எந்தக் கரும்புக் காட்டை விட்டு ஓடினார்களோ, அதே காட்டில்தான் நம்மவர்கள் இறங்கினார்கள்.

குன்றின் மேல் ஏற நடைபாதை உண்டு, ஆனால் மிகவும் செங்குத்தானது. சிறு பிள்ளைகளோடு அம்முயற்சி வேண்டாம். எல்பூரிலிருந்து பார்ப்பதே போதும். (‘ஊர்’ என்று முடிவதால் தமிழ்ப் பெயரோ என்று எண்ணிவிடாதீர்கள்! 1838 முதல் 1841 வரை ஆளுநராக இருந்த தெ எல் என்பவரின் பெயர் அது.)

கேள்வி: வளைவுகளில் சிவப்பு வண்ணம் பூசிய சிறு மாடங்களைக் காண்கிறேன். சில இடங்களில் சிலைக்குத் தலையே இல்லை. யார் இந்தத் தெய்வம்? – ஒரு வாசகி, சேன் தெனி

பதில்: அவர் சேந்த் எக்ஸ்பெதி, ரோமானியப் படைவீரராகச் சித்திரிக்கப்படும் கிறித்தவப் புனிதர். “நாளை, நாளை” என்று இலத்தீனில் கரையும் காகத்தைக் காலால் மிதித்து, “இன்றே” என்று எழுதிய சிலுவையைக் கையில் ஏந்தி நிற்பார். கேட்டதை உடனே தருபவர் என்ற நம்பிக்கையால், ஏப்ரல் 19 அன்று வரும் அவருடைய திருநாளில் மாடங்களில் பூவும் மெழுகுவத்தியும் குவியும். சிவப்பைக் கண்டதும் காளிக்கும் காவல் தெய்வங்களுக்கும் வேண்டிக்கொள்ளும் பழக்கமுள்ள நம் மக்கள் அங்கே தயங்காமல் கைகூப்புகிறார்கள். ஞாயிறன்று மாதா கோயிலுக்கும் வெள்ளியன்று மாரியம்மன் கோயிலுக்கும் போகிற குடும்பங்கள் உள்ள தீவில் அது புதுமையன்று. வேண்டுதல் பலிக்காத கோபத்தில் சிலர் தலையை உடைத்துவிடுகிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். பிறர் வைத்த வேண்டுதல் தம்மைத் தாக்காமலிருக்க உடைப்பவர்களும் உண்டு என்பார்கள். தலையில்லாத சிலைக்கு முன்னும் புதுப் பூ கிடப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

கேள்வி: எல்பூரின் வெந்நீர் ஊற்றில் இப்போதும் குளிக்கலாமா? – அதே வாசகி

பதில்: முடியாது. 1831-இல் கண்டறியப்பட்ட அந்த ஊற்றை நாடித்தான் ஒரு காலத்தில் செல்வந்தர்கள் மலையேறி வந்தார்கள். 1948-ஆம் ஆண்டுப் புயலோடு அது முடிந்துபோனது. பழைய குளியல் கட்டடத்தின் இடிபாடுகள் மட்டும் ஊருக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கின்றன. இறங்கும் பாதை மழைக்குப் பின் வழுக்கும். பிடிப்புள்ள காலணி அணிந்து செல்லுங்கள்.