வேகமாக ஓடும்போது தொடையின் பின்பக்கம் திடீரென்று இழுத்துப் பிடிப்பது ஏன்? அங்கே என்ன தசை இருக்கிறது?

மார்த்தாண்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன். தூத்தூர் பக்கத்துக் கால்பந்துப் பையன்கள் அடிக்கடி இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

பின்தொடையில் இருப்பது ஹாம்ஸ்ட்ரிங். அது ஒற்றைத் தசை அல்ல, மூன்று. நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் அழுத்திப் பின்னால் இழுத்தபடி முட்டுக்குப் பின்னால் தொட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் கயிறு போல் விறைத்து நிற்பது பைசெப்ஸ் ஃபெமோரிஸ் என்ற தசையின் தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் நார். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் ஃபிபுலா எலும்பின் தலையில் போய் ஒட்டுகிறது. உள்பக்கம் நன்றாகத் தட்டுப்படுவது செமிடெண்டினோசஸ், அதற்கடியில் அகலமாகக் கிடப்பது செமிமெம்பிரனோசஸ். இவை இரண்டும் முழங்காலுக்குக் கீழிருக்கும் பெரிய எலும்பான டிபியாவின் உள்பக்கம் இறங்குகின்றன. மூன்றுக்கும் மேல்முனை, உட்காரும்போது பெஞ்சில் அழுந்துகிற இடுப்பெலும்பு முனைதான். பைசெப்ஸுக்கு மட்டும் கூடுதலாக ஒரு குட்டைத் தலை உண்டு. அது தொடையெலும்பிலிருந்தே கிளம்புகிறது, அதற்கு வரும் நரம்புக் கிளையும் வேறு.

அந்தக் குட்டைத் தலை தவிர மற்றதெல்லாம் இடுப்பு, முட்டு என்று இரண்டு மூட்டுகளைத் தாண்டுகிறது. வம்பே அங்கேதான். ஓடுகையில் காலை முன்னால் வீசி, பாதம் தரையைத் தொடப் போகும் நேரத்தில் இடுப்பு மடங்கியிருக்கும், முட்டு நீளும். தசை இரண்டு முனையிலும் நீட்டப்படும். பாய்கிற காலைப் பிடித்து நிறுத்தும் வேலையும் அதற்கே. நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கும் அந்த நொடியில்தான் நார்கள் கிழிகின்றன, பெரும்பாலும் பைசெப்ஸின் நீளத் தலையில்.

உடனே எண்ணெய் போட்டு அழுத்தித் தடவுவது எங்க ஊர் வழக்கம். நாட்டு வைத்தியம் பார்க்கும் ஆசான்மார் கைமேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் முதல் சில நாள் வேண்டாம், உள்ளே ரத்தக்கசிவு கூடும். அப்புறம் முட்டுக்குப் பின்னால் நீலம் பாய்ந்தால் பதறாதீர்கள், மேலே கசிந்தது கீழே இறங்கியிருக்கிறது.

வலி போனதும் குனிந்து நீட்டுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். போதாது. முழங்காலிட்டு, நண்பர் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை மெதுவாக முன்னால் சாய்க்கும் நோர்டிக் பயிற்சி இந்தத் தசையை நீண்டபடியே உழைக்கப் பழக்கும். கடற்கரை மணலிலேயே செய்யலாம். ஆரம்பத்தில் பின்தொடை நன்றாகவே வலிக்கும், சரி, அது போகும்.

ஓடவே இல்லை, ஆனால் பாதம் வரை மரத்துப்போகிறது என்றால் முதுகைப் பரிசோதியுங்கள். கீழ்முதுகிலிருந்து காலுக்கு வரும் சயாட்டிக் நரம்பு இந்தத் தசைகளுக்கு அடியில்தான் இறங்குகிறது. மழையில் ரப்பர் தோட்டச் சரிவில் கால் அகன்று வழுக்கி, உட்காரும் எலும்பருகே ‘டப்’ என்று கேட்டு நடக்க முடியாமல் போனால், தசைநாண் எலும்பிலிருந்தே பிய்ந்திருக்கலாம். எம்ஆர்ஐ எடுத்து எலும்பு மருத்துவரைப் பார்க்க நாள் கடத்தாதீர்கள். சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும், தாமதித்தால் திரும்ப இழுத்துத் தைப்பது கடினம்.