எந்தத் திசையில் வெட்டினீர்கள்?

அன்புள்ள ஐயா,

உலோகவியல் இறுதியாண்டு படிக்கிறேன். டைட்டானியம் நைட்ரைடு துகள்கள் எஃகின் மணிகளை (எஃகு ஆகியிருக்கும் நுண்படிகங்களை) சிறிதாக்கி டஃப்னஸை, அதாவது உடையாமல் தாங்கும் திறனைக் கூட்டும் என்கிறது ஒரு பாடநூல். அதே துகளில்தான் விரிசல் தொடங்கும் என்கிறது இன்னொன்று. எது சரி? இப்படி எஃகுக்குள் சிக்கியிருக்கும் துகள்கள், அதாவது இன்குளூஷன், எல்லாமே அழுக்குதானே, மொத்தமாக நீக்கிவிட முடியாதா? எங்கள் புராஜெக்ட் தகடு சார்பி சோதனையில் (காடி வெட்டிய துண்டை ஊசல் சுத்தியலால் அடித்து, உடைய எவ்வளவு ஆற்றல் பிடிக்கிறது என்று பார்ப்பது) 140 ஜூல் தந்தது. இருந்தும், ஒரு தகட்டின் மேல் இன்னொன்றைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்டும் டி-ஜாயின்ட்டில் வெல்டிங்குக்கு அடியில் பிளந்துவிட்டது. நுண்ணோக்கிப் படத்தில் துகள்களை எண்ணுவதற்கு எந்த மென்பொருள் நல்லது?

க.

அன்புள்ள க.,

மென்பொருளை விடுங்கள். பாலிஷ் செய்யும்போது துகள் பெயர்ந்து விழுந்த குழியையும் அது துகள் என்றே எண்ணித் தரும். முதலில் உங்கள் கண் பழகட்டும்.

இரண்டு பாடநூல்களும் சரிதான். பெயர் ஒன்று, அளவு வேறு. திட எஃகுக்குள் பிரிந்து வரும் நைட்ரைடு சில பத்து நானோமீட்டர்தான் இருக்கும். அது மணி எல்லைகளை நகர விடாமல் பிடித்துக்கொள்ளும். வெல்டிங் சூட்டிலும் மணிகள் பெரிதாக வளராது. துகளின் ஆரத்தை அதன் கனஅளவு விகிதத்தால் வகுத்தால் மணி எதுவரை வளரும் என்று தோராயமாகத் தெரியும் என்பது கிளாரன்ஸ் ஜீனரின் கணக்கு. டைட்டானியத்தை அள்ளிப் போட்டால் எஃகு உறைவதற்குள்ளேயே நைட்ரைடு பிறந்து, சில மைக்ரான் கட்டியாக வளர்ந்துவிடும். நுண்ணோக்கியில் பொன் நிறம், கூரான மூலைகள், பார்க்க அழகாக இருக்கும். இழுவிசையில் அது உடைந்தால் விரிசல் பக்கத்து மணிக்குள் ஓடும்.

அழுக்கு என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கடைசல் வேலைக்கான எஃகில் 0.3% அளவுக்குக் கந்தகத்தை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள், சீவல் சுலபமாக உடைய வேண்டும் என்று. வெல்டிங் உலோகத்தில் அரை மைக்ரான் ஆக்சைடைச் சுற்றித்தான் ஊசி ஊசியாக ஃபெரைட் என்ற இரும்புப் படிகம் முளைத்து விரிசலின் வழியை மறிக்கிறது. அப்புறம், மொத்தமாக நீக்குவது நடக்காத காரியம். ஆக்சிஜனைப் பிடிக்க அலுமினியம் போட்டால் அலுமினா வரும். பெரும்பகுதி கசடில் மிதந்து போகும், கொஞ்சம் உள்ளேயே தங்கும்.

சரி, நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் அல்ல, அந்த 140 ஜூலுக்காக.

போன வாரம் மேசை இழுப்பறையை ஒழித்தபோது ஒரு பழைய துண்டு கையில் கிடைத்தது. உள்ளங்கை அகலம். உடைந்த முகம் விறகைப் பிளந்தது போல நார் நாராக இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் படிக்கட்டு தெரியும்: தட்டையாக ஒரு படி, செங்குத்தாக ஒரு சின்னச் சுவர், மறுபடி ஒரு படி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய தகடு அது. சான்றிதழில் ஜூல் எண் பிரமாதம். அல்ட்ராசோனிக் (மீயொலி) சோதனையிலும் குறை தெரியவில்லை. வெல்டிங் முடிந்து ஆறியதும் பிளந்துவிட்டது. எனக்கு மேலே இருந்தவர் திட்டவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எந்தத் திசைடா?" நான் முழித்தேன். சான்றிதழில் அந்தக் கட்டம் காலியாக இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

நீங்களும் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். இறுதியாண்டு மாணவர்! 140 ஜூல் என்றால் எந்தத் திசையில் 140?

எஃகில் இருக்கும் கந்தகம் மாங்கனீஸோடு சேர்ந்து மாங்கனீஸ் சல்ஃபைடு ஆகும். எஃகை உருளைகளுக்கு இடையே அழுத்தித் தகடாக்கும் ரோலிங் சூட்டில் அது மெத்தென்று இருக்கும். உருளைக்கு அடியில் நசுங்கி, தகட்டோடு தானும் நீண்டு, மெல்லிய பட்டையாகிவிடும். சோதனைத் துண்டை ரோலிங் திசையோடு நீளவாக்கில் வெட்டினால் விரிசல் இந்தப் பட்டைகளைக் குறுக்கே கடந்தாக வேண்டும். எண் நன்றாக வரும். குறுக்குவாக்கில் வெட்டினால் விரிசல் பட்டைகளின் வழியாகவே ஓடும். கந்தகம் கூடுதலான தகட்டில் அப்போது பாதிகூட வராமல் போகலாம். தடிமன் வாக்கில் இன்னும் மோசம். உங்கள் டி-ஜாயின்ட் ஆறிச் சுருங்கும்போது தகட்டை இழுத்தது அந்தத் தடிமன் வாக்கில்தானே? அந்தத் திசையைச் சோதித்தீர்களா? தடிமன் வாக்கில் துண்டெடுத்து இழுத்து, அறும் இடத்தில் குறுக்குப் பரப்பு எவ்வளவு சுருங்குகிறது என்று பார்க்கும் சோதனை இருக்கிறது. இசட்35 என்று முத்திரை இருந்தால் சராசரியாக 35 சதவீதமாவது சுருங்க வேண்டும். கந்தகத்தை 0.005 சதவீதத்துக்குக் கீழே இறக்கி, கால்சியமும் சேர்த்தால், மிஞ்சும் சல்ஃபைடு உருண்டையாகவே நிற்கும். உருளை அதை அவ்வளவாக நசுக்காது. அளவு, வடிவம், கிடக்கும் திசை இதெல்லாம் சேர்ந்ததுதான் இன்குளூஷன். அதை எண்ணுவதற்கு மென்பொருள் கேட்கிறீர்கள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். உடைந்த துண்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பிளவுக்குப் பக்கத்தில் தடிமன் தெரியும்படி ஒரு வெட்டு எடுத்து, பாலிஷ் செய்து, அமிலம் தொடாமல் படமெடுத்து அனுப்புங்கள். ரம்பத்தில் வைப்பதற்கு முன்னால் ரோலிங் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். அம்புக்குறி இல்லாத படத்தை நான் திறந்துகூடப் பார்க்க மாட்டேன்.