சவுக்கு வெட்டிய நிலத்தில் ஹெம்ப் போடலாமா?

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் மூன்று ஏக்கர் சவுக்கை வெட்டி ஆலைக்கு அனுப்பிவிட்டேன். ‘ஒரு ஏக்கர் ஹெம்ப், நான்கு ஏக்கர் காட்டைக் காப்பாற்றும்’ என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அடுத்து அதையே பயிரிடலாமா? காகித ஆலைகள் வாங்குமா?

பதில்: வேண்டாம். ஹெம்ப் என்பது போதைச்சத்து மிகக் குறைந்த கஞ்சா ரகம். செடியைப் பார்த்துப் பிரித்தறிய முடியாது, ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, நாருக்கும் விதைக்கும் பயிரிட அரசு அனுமதி தரலாம் என்கிறது. உத்தராகண்ட் 2018இல் அப்படித்தான் உரிமம் வழங்கியது. தமிழ்நாட்டில் அந்த ஏற்பாடு இல்லை. இணையத்தில் விதை வாங்கித் தூவிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள்.

இனி அந்த நான்கு ஏக்கர் கணக்கு. அது 1916இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட அறிக்கையிலிருந்து கிளம்பியது. ஆண்டுதோறும் 10,000 ஏக்கரில் ஹெம்ப் பயிரிட்டால், 40,500 ஏக்கர் மரக்காடு தரும் அளவு காகிதக்கூழ் கிடைக்கும் என்றார்கள். கணக்கில் பொய்யில்லை. ஆனால், ஒப்பிட்டது மெதுவாக வளரும் அமெரிக்கக் காட்டோடு. நான்கு ஆண்டில் வெட்டுக்கு வரும் உங்கள் சவுக்கோடு அல்ல.

ஆலைகள் மரத்துக்குக் காட்டை நம்பாமல் விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையே சொல்லிவிட்டது. நம் ஆலைகளுக்குப் போவது பெரும்பாலும் தோப்புச் சவுக்கும் தைலமரமும்தான். கரூர் மாவட்டம் புகளூர் ஆலை கரும்புச் சக்கையையும் கூழாக்குகிறது. இங்கே ஹெம்ப் வந்தால் பக்கத்துக் கொல்லைச் சவுக்குக்குத்தான் போட்டி. அதனால் காட்டில் ஒரு மரம்கூட வெட்டுக்குத் தப்பாது. உலகில் காடுகள் அழிவதற்கும் முதல் காரணம் காகிதம் அல்ல. மாட்டுப் பண்ணை, சோயா, எண்ணெய்ப் பனை ஆகியவைதான்.

ஹெம்ப்பை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். காய்ந்த புளிச்சைத் தண்டை ஒடித்திருப்பீர்கள்: பட்டை நாராக உரிந்து வரும், உள்ளே வெளுத்த குச்சி நிற்கும். ஹெம்ப் தண்டும் அதே அமைப்புதான். பட்டை நார் நீளமானது, உறுதியானது. சிகரெட் தாள் போன்ற மெல்லிய உயர்ரகக் காகிதத்துக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அது தண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மிச்சமுள்ள குச்சியின் இழை குட்டையானது. இரண்டையும் பிரிக்க ஊறவைக்க வேண்டும், அடிக்க வேண்டும், அதற்கு இயந்திரம் வேண்டும். லாரி நிறைய ஏற்றினாலும் எடை நிற்காது. அறுவடை முழுவதும் ஒரே பருவத்தில் வந்து குவியும். ஆலையோ ஆண்டு முழுவதும் ஓட வேண்டும். சவுக்கு அப்படியா? விலை சரியில்லை என்றால் இன்னும் ஆறு மாதம் நிலத்திலேயே நிற்கும்.

நார்ப்பயிரே வேண்டும் என்றால் சணப்பு இருக்கிறது. கஞ்சாவோடு எந்த உறவும் இல்லாத பயறு வகைச் செடி, உரிமம் தேவையில்லை. ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ விதை போதும். வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். ஒரு ஓரத்தை மட்டும் நாருக்கு மூன்று, நான்கு மாதம் விட்டுப் பாருங்கள். அதுவும் கயிறு திரிப்பவர் யாரிடமாவது விலை பேசி முடித்த பிறகு. மற்ற இடத்தில் 45 நாளில் பூவெடுத்ததும் மடக்கி உழுதுவிட்டு, சவுக்குக் கன்றை நடுங்கள்.