கல்லூரி மாணவர்கள் பாடத்தைப் படிக்காமல் மார்க்குக்காக ஏன் காப்பியடிக்கிறார்கள்?

கேட்டவர் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளராக இருப்பீர்கள். முதல் இன்டர்னல் பேப்பர் கட்டைத் திருத்திவிட்டு நொந்துபோய்க் கேட்கிறீர்கள். சரி, காப்பியடித்தவனே சொல்கிறேன்.

2009 முதல் 2013 வரை அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் படித்தேன். டிசைன் பேப்பருக்கு, ஃபார்முலாவும் டேபிளும் அச்சிட்ட டேட்டா புக்கை ஹாலுக்குள் கொண்டுபோகலாம். கடையில் புதிதாகவே கிடைக்கும், ஆனால் நாங்கள் சீனியரிடம்தான் வாங்குவோம். கியர் டேபிள்களின் ஓரத்தில் 16 மார்க் கணக்கின் ஸ்டெப்புகள் வரிசையாகப் பென்சிலில் இருக்கும். புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். நான் 150 ரூபாய்க்கு வாங்கியதில் மூன்று பேருடைய கையெழுத்து இருந்தது. ஹால் சூப்பர்வைசர் நாலு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். ஏ கிரேடு வாங்கினேன்.

அடுத்த செமஸ்டரில் கேம்பஸ் இன்டர்வியூ. "கியர்ல மாட்யூல்னா என்ன?" என்று கேட்டார்கள். அந்த டேபிள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது. பதில் வரவில்லை.

அப்புறம் கோவையில் ஒரு சின்ன கியர் பட்டறையில் சேர்ந்தேன். கியருக்குப் பல் வெட்டும் ஹாப்பிங் மெஷின் ஓட்டும் அண்ணன் ஒருநாள் தேய்ந்த கியர் ஒன்றை எடுத்து வெர்னியரில் வெளிவிட்டம் பிடித்தார், 87 மி.மீ. பல்லை எண்ணினார், 27. "பல்லோட ரெண்டு கூட்டிக்கங்க தம்பி, 29 ஆச்சா? அதுல 87ஐ வகுங்க. மூணு. அதானுங்க மாட்யூல், பல்லோட சைஸைச் சொல்ற நம்பர்." அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

சோம்பேறித்தனத்துக்குச் சப்பைக்கட்டு என்று கமெண்டில் வரப்போகிறவர்களே, சோம்பேறித்தனமும் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இன்டர்வியூவுக்கு வரவே பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் ஒரு அரியர்கூட இருக்கக் கூடாது என்றுதான் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்தார்கள். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்த பிறகுதான் மாட்யூலைக் கேட்டார்கள். வாசலைத் தாண்டவே மார்க்குதான் வேண்டும்.

ஒழுக்கம் பற்றி அசெம்பிளியில் மணிக்கணக்காகப் பேசிய அதே கல்லூரியில், ஷேவ் செய்யாமல் வந்தால் 100 ரூபாய் ஃபைன். ரசீது கேட்டால் வீட்டுக்கு போன் போகும். நாலு வருஷத்தில் நான் மட்டும் எவ்வளவு கட்டியிருப்பேன்! அதைப் பற்றி யாராவது கேள்வி கேளுங்கள், தனியாக எழுதுகிறேன்.

டேட்டா புக்கை ஃபைனல் இயரில் ஒரு ஜூனியருக்கு 200 ரூபாய்க்கு விற்றேன். 50 ரூபாய் கூடுதல், ஏனென்றால் வார்ம் கியருக்கான ஸ்டெப்புகள் அதில் இல்லாமல் இருந்தன, நான்தான் எழுதிச் சேர்த்தேன்.