மாடி வீட்டு கேட்ச்சர்

தம்பி, அமெரிக்காவில் டர்ஹாம் வந்து மூன்று மாதம் ஆகிறது, ஆபீஸில் பேஸ்பால் மேட்ச்சுக்குக் கூட்டிப்போனார்கள், தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பேட்டருக்குப் பின்னால் கவசம் மாட்டிக்கொண்டு குந்தியிருந்தவர் வெனிசுவேலாக்காரராமே, அது நம் கீப்பர் வேலைதானே, இதற்கெல்லாமா விசா கொடுப்பார்கள், என்ன சம்பளம் வரும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆட்டம் பற்றி எனக்குத் தெரிந்தது அரைகுறைதான். ஆனால் அப்படிக் குந்துகிற ஒரு கேட்ச்சரோடு ஒரே படிக்கட்டில் ஒரு கோடைக்காலம் குடியிருந்திருக்கிறேன்.

2009. அப்போது நான் டென்னசியில் ஒரு ஊரில் இருந்தேன். இரண்டு பெட்ரூம் வீட்டில் நாங்கள் நாலு பேர், ஆளுக்கொரு காற்று மெத்தை. மாடி வீட்டிலும் நாலு பேர், அங்கேயும் காற்று மெத்தைதான். அவர்கள் டபுள்-ஏ ஆட்டக்காரர்கள். உச்ச லீகான மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே. நீங்கள் பார்த்த டர்ஹாம் புல்ஸ் டிரிபிள்-ஏ, மேஜர் லீகின் டாம்பா பே ரேஸ் அணிக்குக் கீழ் இருப்பது, ஒரே ஒரு படி பாக்கி.

அவர்களில் கேட்ச்சராக இருந்த பையனிடம் முதலில் பேசியது லத்தீன் அமெரிக்கக் கடையில். வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தான். (இந்தியன் கடையில் வாழைக்காய் இல்லையென்றால் அங்கே போங்கள், மரவள்ளிக்கிழங்கும் கிடைக்கும்.) அவர்கள் காய் பெரிசு, தோல் தடிமன். எப்படி உரிப்பது என்று கேட்டேன். அன்று சாயங்காலம் எங்கள் சமையலறைக்கே வந்து, இரண்டு முனையையும் நறுக்கி, நீளவாக்கில் கத்தியால் கீறி, கட்டைவிரலைக் கொடுத்து நெம்பிக் காட்டினான். வலது கை. நகம் கறுத்துப்போய், ஆள்காட்டி விரல் கொஞ்சம் கோணலாக இருந்தது.

கீப்பர் வேலையா என்றால், பாதிதான். கேட்ச்சருக்கு ஒரு கையில்தான் கிளவ். மற்றக் கை வெறுங்கை, ரன்னர் அடுத்த பேஸுக்கு (ஓடித் தொட வேண்டிய இடம்) ஓடினால் அந்தக் கையால்தான் எறிய வேண்டும். மட்டையில் உரசி வரும் பந்து அதில் பட்டால் தீர்ந்தது, அதனால் காலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள். கேட்ச்சர் பக்கமிருந்து இரண்டாவது பேஸுக்கு 127 அடி, நம் 22 கஜ பிட்ச்சை ஏறக்குறைய இரண்டு முறை போட்ட தூரம். பந்து கிளவ்வில் விழுந்ததிலிருந்து இரண்டு விநாடிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும், அதுவும் குந்தியிருந்து எழுந்து.

அதைவிடப் பெரிய வித்தியாசம், அடுத்த பந்து என்ன என்று பெரும்பாலும் சொல்வதே கேட்ச்சர்தான். தோனி ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து பேசுவாரே, அதை ஒவ்வொரு பந்துக்கும் செய்ய வேண்டும். அப்போது விரல் சைகை. இப்போது பொத்தானை அழுத்தினால் பிட்ச்சரின் (நம் பவுலர் மாதிரி) தொப்பிக்குள் குரல் கேட்கிறது. இரண்டுக்கும் பெரிசாக மொழி தேவையில்லை. ஆனால் வரிசையாக மூன்று பேட்டர்களிடம் அடி வாங்கிவிட்டு பிட்ச்சர் நொந்துபோய் நிற்கும்போது விரலைக் காட்டி என்ன தேற்றுவது? எழுந்துபோய்ப் பேச வேண்டும். அம்பயர் வந்து போதும் என்பதற்குள் முடிக்க வேண்டும்.

பையனின் பிரச்சினை அதுதான். ஓரத்தில் ஃபீல்டிங் நிற்கிற, ஸ்பானிஷ் மட்டும் பேசுகிறவன் இங்கிலீஷ் இல்லாமல் வருடக்கணக்கில் ஓட்டலாம், கேட்ச்சர் முடியாது. படிக்கட்டில் ஒரு நோட்டோடு உட்கார்ந்திருப்பான். ஒவ்வொரு பிட்ச்சருக்கும் ஒரு பக்கம்: இவனைத் திட்டினால் நன்றாகப் போடுவான், இவனிடம் ஜோக் சொல்லணும் என்கிற மாதிரி. நான் கான்ஃபரன்ஸ் காலில் "கம் அகெய்ன்?" என்று கேட்டே முதல் வருடத்தை ஓட்டியவன். என்னிடம் வந்து உச்சரிப்பு கேட்பான், பாவம்.

விசா பி-1 (P-1), விளையாட்டுக்காரர்களுக்கானது. முன்பெல்லாம் எண்ணிக்கை வரம்புள்ள எச்-2பி என்கிற தற்காலிக வேலை விசாவில் வந்தவர்களுக்கு, 2006 கடைசியில் வந்த சட்டம் இதைத் திறந்துவிட்டது. நம் எச்-1பி வேலை விசா மாதிரி லாட்டரி கிடையாது, பொறாமைப்படலாம். ஆனால் வேலை போனால் நமக்குள்ள 60 நாள் அவகாசம் அவர்களுக்கு இல்லை.

சம்பளம்? 2023-இல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்ததும் டிரிபிள்-ஏ-வில் குறைந்தபட்சம் வருடத்துக்கு 35,800 டாலர் ஆனது. அதற்கு முந்தைய வருடம் 17,500. 2022 முதல் வீடும் அணியே கொடுக்க வேண்டும். மேஜர் லீகில் அதே 2023-இல் குறைந்தபட்சம் 7,20,000, சீசன் முழுக்க அங்கே இருந்தால். நடுவில் ஒரு படிதான்! வெனிசுவேலாவின் கேட்ச்சர் சால்வடோர் பெரெஸ் பதினாறு வயதில் ஒப்பந்தமாகி, 2011-இல் அந்தப் படியைத் தாண்டி, 2021-இல் 48 ஹோம் ரன் அடித்தார். எங்கள் பையன் காலத்தில் சீசன் முடிந்தால் சம்பளமும் நின்றுவிடும், குளிர்காலத்தில் ஊருக்குப் போய் அங்கே லீக் ஆடித்தான் பிழைப்பு.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி அவனுக்கு போன் வந்தது, அணியிலிருந்து விடுவித்துவிட்டார்களாம். காலையில் மெத்தையைச் சுருட்டி எங்களிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். அதில் காற்றே நிற்கவில்லை.

அடுத்த தடவை ஹோம் பிளேட்டுக்கு (பேட்டர் நிற்கிற இடம்) பின்னால் சீட் எடுங்கள். திங்கட்கிழமை பெரும்பாலும் மேட்ச் இருக்காது. கேட்ச்சர் முகமூடியைத் தூக்கிவிட்டுப் பிட்ச்சரை நோக்கி நடந்தால் போனைப் பையில் போட்டுவிட்டுப் பாருங்கள். எதிரணி உதட்டைப் படித்துவிடக் கூடாதென்று கிளவ்வால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவார்.